திருச்சியிலிருந்து சிங்கப்பூர்: தூரம் ஒன்று, நேரம் எத்தனை?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்குச் சிங்கப்பூரில் பிரசவம். அம்மா துணைக்குப் போகிறார். முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக. டிக்கெட்டில் திருச்சியில் இரவு 10.30 மணிக்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் காலை 5.15 மணிக்கு வருகை என்று இருக்கிறது. திரும்பும்போது அங்கே இரவு 8.30-க்கு ஏறி, அதே இரவு 10 மணிக்குத் திருச்சியில் இறங்க வேண்டும். ‘போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமா? தூரத்தைத் தேடினால் ஓர் இடத்தில் 2,980, இன்னோர் இடத்தில் 1,610, மூன்றாவது இடத்தில் 1,850 என்று வருகிறது. எது சரி? அம்மா எத்தனை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும்? வீட்டைவிட்டு எப்போது கிளம்ப வேண்டும்?’ இவைதாம் அவருடைய கேள்விகள்.

முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போகும்போது விமானத்துக்குள் நாலே கால் மணி நேரம். வரும்போது நான்கு மணி நேரம். மன்னார்குடியில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்வந்தவர் என்றால், அதைவிடக் குறைவாகத்தான் உட்கார்ந்திருக்கப் போகிறார். நீங்கள் பார்த்த மூன்று தூரங்களும் சரியானவை. மூன்றும் ஒரே தூரம். இனி விவரமாகச் சொல்கிறேன், தம்பி. தஞ்சாவூரில் இருபத்தைந்து ஆண்டுகளாக டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். இதே கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்கிறார்கள்.

அந்த மேசையில் ஓர் உலக உருண்டை இருக்கிறது. முப்பது சென்டிமீட்டர் விட்டம். பக்கத்தில் ஒரு நூல்கண்டு வைத்திருப்பேன். தூரம் கேட்கிறவரிடம் நூலைக் கொடுத்து, ஒரு முனையைத் திருச்சி மேல் வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்வேன். மறு முனையை நான் சிங்கப்பூர் வரை இழுத்து விறைப்பாகப் பிடிப்பேன். தொய்வு இல்லாமல் இழுத்த நூல் எந்த வழியாகக் கிடக்கிறதோ அதுதான் பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி. அந்த இடத்தில் நூலை வெட்டி அடிக்கோலில் வைத்தால் ஏழு சென்டிமீட்டர் இருக்கும். அந்த உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 425 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துத் துல்லியமாகக் கணக்கிட்டால் 2,980 கிலோமீட்டர். பூமியைச் சரியான உருண்டை என்று எடுத்துக்கொள்கிறோமா, துருவங்களில் சற்றே தட்டையானது என்று எடுத்துக்கொள்கிறோமா என்பதைப் பொறுத்து ஓரிரு கிலோமீட்டர் முன்பின் ஆகும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

வெட்டிய நூலை நான் எறிந்துவிடுவதில்லை. திருச்சி முனையை விடாமல் பிடித்துக்கொண்டு, மறு முனையை மேற்குப் பக்கம் அப்படியே திருப்புங்கள். துபாய் மேல் போய் விழும். திருச்சியிலிருந்து துபாய் 2,940 கிலோமீட்டர். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நாற்பது கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஒரே வீட்டில் மூத்தவன் துபாயில், இளையவன் சிங்கப்பூரில் என்று இருக்கிற குடும்பங்கள் நம் ஜில்லாக்களில் எத்தனையோ. அப்படி ஒரு தாயிடம் இந்த நூலைக் காட்டி, “இரண்டு பிள்ளைகளும் உங்களுக்கு ஒரே தூரத்தில்தான் இருக்கிறார்கள் அம்மா” என்று சொன்னேன். அவர் அந்த ஏழு சென்டிமீட்டர் நூலைக் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

இப்போது அந்த மூன்று எண்கள். 2,980 என்பது கிலோமீட்டர். 1,850 என்பது சாதாரண மைல். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். 1,610 என்பது கடல் மைல், அது 1.852 கிலோமீட்டர். கப்பல்காரர்களின் அளவு, வானத்தில் ஓட்டுகிறவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். காரணம் எளிமையானது. பூமியைச் சுற்றி வரைந்த வட்டத்தை 360 பாகையாகப் பிரித்து, ஒரு பாகையை 60 கலையாகப் பிரித்தால், ஒரு கலையின் நீளம்தான் ஒரு கடல் மைல். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அந்த வட்டத்தில் 26.8 பாகை. அறுபதால் பெருக்குங்கள், கடல் மைல் கணக்கு வந்துவிடும். இந்தத் தடத்தில் மட்டும் ஒரு விசித்திரமான ஒற்றுமை உண்டு. 1.852-ஐயும் 1.609-ஐயும் பெருக்கினால் 2.98. அதனால் நம் தூரத்தைக் கடல் மைலில் சொன்னால் மைலின் கிலோமீட்டர் எண்போலவும், மைலில் சொன்னால் கடல் மைலின் கிலோமீட்டர் எண்போலவும் தெரியும். பலரும் குழம்புவது இங்கேதான். பின்னால் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணைப் படித்தால் குழப்பமில்லை.

நூல் எந்த ஊர்களின் மேல் கிடக்கிறது என்று பார்ப்பதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. திருச்சியிலிருந்து கிழக்கே, சற்றுத் தெற்காகச் சாய்ந்து போகிறது. மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே நுழைந்து, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடந்து, வேதாரண்யத்தில் கரையைவிட்டு இறங்குகிறது. உங்கள் அம்மா தான் பிறந்து வளர்ந்த வயல்களின் மேலேயேதான் முதல் கால் மணி நேரம் பறக்கப் போகிறார். திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை அந்தக் கோடு 130 கிலோமீட்டர். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து கிளம்பியவர்கள், தஞ்சாவூர், கும்பகோணம் என்று சுற்றிக்கொண்டு வேதாரண்யம் போய்ச் சேர 15 நாட்கள் நடந்தார்கள். அந்தத் தரையைக் கால் மணி நேரத்தில் கடக்கிறோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். பகல் நேர விமானமாக இருந்து வானமும் தெளிவாக இருந்தால், கரையை விடுவதற்கு முன்னால் வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாக உப்பளங்கள் தெரியக்கூடும்.

அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்கு வடக்கே ஒதுங்கி, வங்கக் கடலில் நெடுந்தூரம் தண்ணீர் மட்டுமே. நிக்கோபார் தீவுகள் இடது பக்கம் தொலைவில் நின்றுவிடும். நூல் மறுபடி நிலத்தைத் தொடுவது சுமத்ராவின் ஆச்சே மாநிலத்தில். மேடான் நகரத்தை உரசிக்கொண்டு போய், மலாக்கா நீரிணையின் மேல் இறங்கிச் சிங்கப்பூர்.

ஆச்சே என்றதும் நாகைக்காரர்களுக்கு நெஞ்சு கனக்கும். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் அந்தக் கரைக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை நாகப்பட்டினத்தை அடைய ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான் ஆனது. ஆழ்கடலில் சுனாமி அலையின் வேகம் மணிக்கு 700, 800 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் வேகம். இதே தடத்தில் போகும் விமானமும் ஆச்சே கரையைப் பிடிக்க ஏறக்குறைய அதே நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. தூரத்தையும் வேகத்தையும் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஆனால் விமானி நூல் பிடித்தாற்போலப் பறப்பதில்லை. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. எதிர்காற்றில்தான் விமானம் எழும்பும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் மேற்கு நோக்கி எழுந்து, பிறகு வளைந்து திரும்பிக் கிழக்கே வர வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் நேராகக் கிழக்கே எழலாம். மேலே போன பிறகும் வானத்தில் குறித்து வைத்த வழித்தடங்கள் உண்டு. புள்ளிக்குப் புள்ளி அவற்றைப் பிடித்துத்தான் போக வேண்டும். கடலின் நடுவே சென்னைக் கட்டுப்பாட்டு மையம் அடுத்த நாட்டின் மையத்திடம் விமானத்தை ஒப்படைக்கும். சிங்கப்பூரில் இறங்க வரிசை இருந்தால் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும். மழை மேகத்தைச் சுற்றிப் போவதும் உண்டு. இப்படிச் சில பத்து கிலோமீட்டரோ, ஒரு நாள் நூறு கிலோமீட்டரோ கூடிவிடும். ஆகவே 2,980 என்பது குறைந்தபட்சம். அதற்குக் கீழே எந்த விமானமும் போக முடியாது. மேலே எவ்வளவு என்பது அன்றைய வானத்தின் கையில்.

திருச்சி – சிங்கப்பூர் தடத்தில் ஓடுபவை நடைபாதை ஒன்றே உள்ள, அதன் இரு பக்கமும் மும்மூன்று இருக்கைகள் போட்ட விமானங்கள். ஏர்பஸ் 320, 321, போயிங் 737 வகையைச் சேர்ந்தவை. உச்ச உயரத்தை எட்டிய பிறகு அவற்றின் வேகம் மணிக்கு 830 கிலோமீட்டர் சுமார். 2,980-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். பிறகு ஏன் டிக்கெட்டில் நாலே கால்? ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. அதைவிட முக்கியம், டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரமே அல்ல. நிற்கும் விமானத்தின் சக்கரங்களுக்கு அண்டைக்கட்டை கொடுத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடி முதல், சிங்கப்பூரில் நின்று மறுபடி கட்டை வைக்கும் நொடி வரை உள்ள நேரம்தான் டிக்கெட்டில் இருப்பது. அதில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் உள்ள விமானத்துக்காகக் காத்திருப்பது, இறங்கிய பிறகு வாயில் வரை ஊர்வது எல்லாம் சேர்த்தி. சிங்கப்பூரின் சாங்கி மிகப் பெரிய விமான நிலையம். இறங்கிய பிறகும் சில நேரம் பத்து நிமிடம் ஊர்ந்துகொண்டே இருக்கும். அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்து பையை எடுக்க வேண்டாம்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. சூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு பெருங்காற்று ஓடுகிறது. கீழே தென்மேற்குப் பருவக்காற்று ஒரு திசையில் வீச, மேலே இது நேர் எதிர்த் திசையில். வானிலை அறிஞர் கோடேஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி எழுதி உலகுக்குத் தெரியப்படுத்தினார். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்காற்று, திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று. பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின் ஆவது அதனால்தான். துபாய்த் தடத்தில் கதை வேறு. அங்கே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுக்குப் பலம் அதிகம். போகும்போது இழுக்கும், வரும்போது தள்ளிவிடும். ஒரே நீள நூல்தான், ஆனால் இரண்டு பிள்ளைகளையும் பார்க்க ஆகும் நேரம் ஒன்றாக இருப்பதில்லை.

சரி, ஆறே முக்காலுக்கும் ஒன்றரைக்கும் வருவோம். உங்கள் கேள்வியின் உயிர்நாடி இதுதான். டிக்கெட்டில் புறப்பாடு ஏறும் ஊர் மணி, வருகை இறங்கும் ஊர் மணி. இரண்டு கடிகாரங்களை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கூடாது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அம்மா காலை 5.15-க்கு அங்கே இறங்கும்போது மன்னார்குடி வீட்டுச் சுவர்க் கடிகாரம் 2.45 காட்டும். இரவு 10.30-லிருந்து 2.45 வரை எண்ணுங்கள்: நாலே கால். திரும்பும்போது அங்கே இரவு 8.30 என்றால் நம் வீட்டில் மாலை 6 மணி. ஆறிலிருந்து பத்து வரை நான்கு மணி நேரம். கிழக்கே போகும்போது கழித்து வந்த விடையிலிருந்து இரண்டரையைக் குறையுங்கள், மேற்கே வரும்போது கூட்டுங்கள். மலேசியாவுக்கும் இதே கணக்குதான். துபாய்க்கு நேர்மாறு, அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது, “அந்தக் காலத்தில் இரண்டு மணி நேரம்தானே வித்தியாசம்” என்று சொன்னால் அவரைத் திருத்தாதீர்கள். அவர் சொல்வது சரி. 1981 முடியும் வரை சிங்கப்பூர் நம்மைவிட இரண்டு மணி நேரம்தான் முன்னால் இருந்தது. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று மாற்றியபோது, சிங்கப்பூரும் 1982 சனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. சூரியனைக் கேட்டால் இரண்டுமே சரியில்லை என்பான். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தீர்க்கரேகையில் மட்டும் பார்த்தால் 25 பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் சூரியக் கணக்கில் ஒரு மணி நாற்பது நிமிடம்தான் வித்தியாசம். கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுவதால், அங்கே பொழுது விடிய ஏழு மணி ஆகும். ஆகவே காலை 5.15-க்கு இறங்கும் உங்கள் அம்மாவுக்கு வெளியே கும்மிருட்டாக இருக்கும். ‘காலை ஐந்து மணி என்றார்களே, இன்னும் நள்ளிரவாக இருக்கிறதே’ என்று திகைக்காமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். திருச்சியிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல, இரவிலும் நள்ளிரவிலும் கிளம்புகிறவை. பல ஆண்டுகளுக்கு முன்னால் பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் என்னிடம் டிக்கெட் எடுத்தார். 12-ஆம் தேதி, 00.30 மணி. அவர் 12-ஆம் தேதி பகல் முழுவதும் உறவினர்களுக்கு விருந்து வைத்து, குலதெய்வம் கும்பிட்டு, இரவு ஒன்பது மணிக்கு இரண்டு வேன் நிறைய சனத்தோடு விமான நிலையத்துக்குப் போனார். விமானம் முந்தின இரவே போய்விட்டிருந்தது. நள்ளிரவு தாண்டியதும் தேதி மாறிவிடுகிறது. 12-ஆம் தேதி 00.30 விமானத்துக்கு 11-ஆம் தேதி இரவு சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். வாயிலில் நின்றபடி அவர் எனக்குப் போன் செய்தார். கோபப்படவில்லை, “இப்போது என்ன செய்வது, சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டார். நான் டிக்கெட்டைக் கையில் கொடுத்தபோதே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றுவரை எனக்கு உண்டு. அன்று முதல் நள்ளிரவு டிக்கெட் எதுவாக இருந்தாலும், அதன் தலைமாட்டில் ‘11-ஆம் தேதி செவ்வாய் இரவு வீட்டிலிருந்து கிளம்பவும்’ என்று கிழமையோடு பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு இந்த ஆபத்து இல்லை, 10.30 என்பது அன்றைய இரவுதான். ஆனால் விமான நேரம் மாறி நள்ளிரவைத் தாண்டினால் தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

‘சென்னைக்குப் போய் ஏறினால் சிங்கப்பூர் பக்கம்’ என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,925 கிலோமீட்டர். திருச்சியைவிட ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான் குறைவு. விமானத்துக்கு அது நான்கு நிமிடப் பறப்பு. அதற்காக ஒரு முழு இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ கழிக்க வேண்டும். டிக்கெட் விலை கணிசமாகக் குறைந்தால் இளைஞர்கள் போகலாம். முதல் முறை தனியாகப் போகும் அம்மாவுக்கு அது வேண்டாம். கோலாலம்பூரில் மாறிப் போகும் டிக்கெட்டும் மலிவாகக் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால் கோலாலம்பூர் நம் நூலின் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சி – கோலாலம்பூர் 2,690, அங்கிருந்து சிங்கப்பூர் 300-க்குச் சற்றுக் குறைவு. கூட்டினால் நேர் தூரத்தைவிடப் பத்து கிலோமீட்டர்கூட அதிகமில்லை. ஆனால் இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறி இறங்கினால் நான்கு மணி நேரப் பயணம் ஏழு எட்டு மணி நேரமாகிவிடும். தூரத்தை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இந்த நான்கு மணி நேரத்தின் அருமை என் தாத்தாவைக் கேட்டு வளர்ந்ததால் எனக்குத் தெரியும். அவர் ரஜூலா கப்பலில் போனவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தகரப் பெட்டியோடு படகில் ஏறி, அலையில் ஆடிக்கொண்டே போய், கப்பலின் பக்கவாட்டு ஏணியைப் பிடித்து மேலே ஏற வேண்டும். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று நின்று நின்று சிங்கப்பூர் சேர ஒரு வாரம். எழுபதுகளில் ரஜூலாவின் இடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது, எண்பதுகளின் நடுவில் அதுவும் நின்றுபோனது. தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது, முதல் நாள் இரவு வேதாரண்யத்துப் பக்கம் தெரிந்த கலங்கரை விளக்கின் ஒளி மறையும்வரை யாரும் பேசவில்லை என்று தாத்தா சொல்வார்.

இப்போது வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுவோம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருக்க வேண்டும். பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு போய்க் கெஞ்சிப் பயனில்லை. 10.30 விமானம் என்றால் 7.30-க்கு வாசலில் நில்லுங்கள். மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர் சுமார். அங்கிருந்து செங்கிப்பட்டி, துவாக்குடி, திருவெறும்பூர் என்று திருச்சி விமான நிலையம் வரை இன்னும் அறுபது கிலோமீட்டர் ஒட்டி வரும். சாதாரண நாளில் இரண்டரை மணி நேரம். தை, மாசியில் என்றால் சம்பா அறுவடை. வடுவூர்ச் சாலையில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களும் அறுவடை இயந்திரங்களும் ஊர்ந்துகொண்டிருக்கும், முந்த முடியாது. முகூர்த்த நாளாகவும் இருந்துவிட்டால் தஞ்சாவூரைத் தாண்டுவதே பெரும்பாடு. அப்போது அரை மணி நேரத்துக்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். துவாக்குடியிலிருந்து திருவெறும்பூர் வரை மாலையில் தொழிற்சாலை விடும் நேரத்து நெரிசலும் உண்டு. ஆக, மாலை 4.30-க்கு வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் நிம்மதி.

மேலும் கணக்கிடுங்கள். 5.15-க்கு இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம். அக்கா வீட்டுக்குப் போக முக்கால் மணி நேரம். அங்கே மணி ஏழு. பொழுது அப்போதுதான் விடியும். மன்னார்குடியில் அதிகாலை 4.30. வாசலிலிருந்து வாசலுக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருப்பது நான்கு மணி நேரம்கூட இல்லை. மீதி எட்டு மணி நேரம்தான் அம்மாவைக் களைக்க வைக்கும். ஏற்பாடெல்லாம் அதற்காகத்தான் செய்ய வேண்டும். திருச்சியில் 2024-இல் திறந்த புதிய முனையம் பழையதைவிட மிகப் பெரியது. உள்ளே நடக்கும் தூரம் அதிகம். முழங்கால் வலி உள்ளவர் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நாற்காலியைத் தள்ளி வருகிறவரே சோதனைகளைக் கடந்து விமான வாசல் வரை அழைத்துப் போவார். சிங்கப்பூரில் இறங்கியதும் வேறொருவர் காத்திருப்பார். முதல் முறை தனியாகப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை. சிங்கப்பூர் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், இறங்குவதற்கு முன்பே இணையத்தில் நிரப்பிவிடுங்கள், கட்டணம் கிடையாது.

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையோ ரத்த அழுத்த மாத்திரையோ இருந்தால், சிங்கப்பூர்க் கடிகாரத்தைப் பார்த்து அவசரப்பட்டு விழுங்க வேண்டாம். காலை மாத்திரையை அங்கே எட்டு மணிக்குப் போட்டால், உடம்புக்கு அது ஐந்தரை மணி. எந்த இடைவெளியில் போட வேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு, தமிழில் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். மாத்திரைகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அடியில் போகும் பெட்டியில் வேண்டாம். ஒரு சால்வையும் வையுங்கள், விமானத்துக்குள் குளிரும்.

திரும்பும் நாளைப் பற்றி இப்போதே யோசித்துவிடுங்கள். இரவு 10 மணிக்கு இறங்கினால் வெளியே வரப் பதினொன்று ஆகும். மன்னார்குடி போய்ச் சேர ஒன்றரை. அந்த நேரத்தில் பெட்டிகளோடு பஸ் மாறிப் போக வைக்காதீர்கள். தெரிந்த ஓட்டுநரின் காரை முன்பே சொல்லி வைத்து, நீங்களே நேரில் வாருங்கள். வழியில் தஞ்சாவூரில் நிறுத்தி ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். அவருடைய உடம்பு இன்னும் சிங்கப்பூர் நேரத்தில் இருக்கும், அந்தக் கணக்கில் அப்போது விடியற்காலை மூன்று மணி.